ஒரு கேபின், இரண்டு பேர், கட்டுப்படியாகும் விலை

கப்பல் பயணங்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கும் வேலையில் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. முன்பெல்லாம் பணி ஓய்வு பெற்றவர்கள்தான் விசாரிக்க வருவார்கள். இப்போது பாதிக்கு மேல் கல்யாணமாகி ஓரிரு வருடமான ஜோடிகள். கையில் அளவான காசு, அதைவிட அளவான லீவு. அவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவு, ஆளுக்கு 25,000 ரூபாய் என்று ஒரு விளம்பரம் பார்த்தோம். இரண்டு பேருக்கு 50,000-ல் முடிந்துவிடுமா?
(கோவையிலிருந்து ஒரு தம்பதி)

முடியாது. அந்த 25,000 என்பது பெரும்பாலும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும். துறைமுகக் கட்டணமும் வரியும் தனியாக ஏறும். குறுகிய பயணத்தில் இந்தத் தொகை டிக்கெட்டோடு போட்டி போடும் அளவுக்குக்கூட இருக்கும். அப்புறம் டிப்ஸ். நம் ஓட்டலில் பில்லுக்கு அடியில் வைத்துவிட்டு வருவதுபோல் இஷ்டப்பட்டால் கொடுப்பது என்று நினைக்க வேண்டாம். பல கப்பல்களில் ஒவ்வொரு நாளும் கணக்கில் தானாகவே ஏறிவிடும். ராயல் கரீபியன் கப்பல்களில் சாதாரண அறைக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டாலருக்கு மேல். மூன்று இரவு, இரண்டு பேர் என்றால் 108 டாலரைத் தாண்டும். நம் காசில் ஒன்பதாயிரத்துக்கு மேல்.

இதற்குப் பிறகுதான் விமான டிக்கெட், விசா, கப்பலுக்கு முந்தைய நாள் ஓட்டல். இந்த முந்தைய நாள் ஓட்டலை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். என் முதல் பயணத்தில் நான் அதைத்தான் செய்தேன். காலை விமானத்தில் போய் மதியம் கப்பல் ஏறுவதாகத் திட்டம். விமானம் மூன்று மணி நேரம் தாமதம். கப்பல் யாருக்காகவும் காத்திருப்பதில்லை; புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி, ஒன்றரை மணி முன்பே கதவை மூடிவிடுவார்கள். டாக்ஸியிலிருந்து இறங்கும்போது கப்பலின் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை.

நான் யாருக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தாலும் வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை எழுதி, மொத்தத்தை இரவுகளின் எண்ணிக்கையால் வகுத்துவிடுவேன். அப்போதுதான் ஒன்று தெரியும்: விமானத்தில் போய்க் கப்பல் ஏறுகிறவர்களுக்கு மூன்று இரவுப் பயணம் மலிவே இல்லை. விமானம், விசா, ஓட்டல் மூன்றும் மூன்று இரவுக்கும் ஐந்து இரவுக்கும் ஒரே செலவுதான். லீவு கிடைத்தால் நான்கு அல்லது ஐந்து இரவு பாருங்கள்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். கப்பல் நிறுவனத்தின் தளத்தில் டாலரில் கட்டினால் கிரெடிட் கார்டு பெரும்பாலும் அந்நியச் செலாவணிக் கட்டணம் என்று 2 முதல் 3.5 சதவீதம் வரை எடுக்கும். இந்திய ஏஜென்டிடம் வெளிநாட்டுப் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் என்று விற்கும்போதே வசூலிக்கும் ஒரு வரியைப் பிடிப்பார்கள். அது போன காசு இல்லை. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். ஏஜென்டிடம் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

"இரண்டாவது ஆளுக்கு 60 சதவீதம் தள்ளுபடி" என்கிறார்களே, நல்ல டீல்தானே?
(மதுரை வாசகி)

அறையில் இருப்பதே இரண்டு பேர். ஒருவருக்கு முழு விலை, இன்னொருவருக்கு 60 சதவீதம் தள்ளுபடி என்றால் மொத்தத்தில் 30 சதவீதம்தான். அதுவும் அடிப்படை விலையில் மட்டும். வரிக்கும் டிப்ஸுக்கும் தள்ளுபடி கிடையாது. ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் விலைச் சீட்டை மாற்றி ஒட்டுகிற வழக்கம் நமக்குப் புதிதா என்ன? தள்ளுபடி சதவீதத்தைப் பார்க்காமல், பணம் கட்டும் கடைசிப் பக்கம் வரை போய் வரி சேர்ந்த மொத்தத்தைப் பாருங்கள். இரண்டு வாரம் கழித்து அதே பயணத்தை மறுபடி பாருங்கள். "இன்றே கடைசி" என்ற சலுகை பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

"மூன்றாவது, நான்காவது ஆள் இலவசம்" என்பது குழந்தைகளோடு போகிறவர்களுக்கு. உங்களுக்கு அதில் ஒன்றுமில்லை.

கடைசி நிமிடத்தில் வாங்கினால் பாதி விலை என்று நண்பர் சொல்கிறார். காத்திருக்கலாமா?
(சென்னை, ஐ.டி. தம்பதி)

நண்பர் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேளுங்கள். பல நிறுவனங்களில் பயணத்துக்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்பு முழுப் பணமும் கட்டியாக வேண்டும். அந்தத் தேதியில் ரத்து செய்கிறவர்களின் அறைகள் திரும்பி வரும், விலை இறங்கலாம். ஆனால் அதற்குள் சென்னையிலிருந்து விமான டிக்கெட் ஏறியிருக்கும், விசா எடுக்கவும் நாள் வேண்டும். கப்பலில் மிச்சம் பிடித்ததை விமானத்தில் விட்டுவிடுவீர்கள்.

உங்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை பார்ப்பது நல்லது. கப்பல் நிறுவனங்கள் அந்த வருடத்தின் அறைகளை நிரப்ப முனையும் காலம் அது. விலை குறையாவிட்டாலும் கப்பலில் செலவழிக்கக் கொஞ்சம் பணம், வை-ஃபை என்று ஏதாவது சேர்த்துக் கொடுப்பார்கள்.

நாங்கள் இருவரும் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறோம். எங்களுக்கும் அதே பதில்தானா?
(உட்லண்ட்ஸிலிருந்து)

இல்லை, நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். துறைமுகம் எம்ஆர்டி ரயில் தூரத்தில். கடைசி நிமிட விலை உங்களைப் போன்றவர்களுக்கானது. அங்கிருந்து புறப்படும் கப்பல்களில் பல, வெள்ளி முதல் திங்கள் வரை மூன்று இரவு, திங்கள் முதல் வெள்ளி வரை நான்கு இரவு என்று மாறி மாறி ஓடும். வார நாள் பயணத்தை எடுங்கள். ஒரு இரவு அதிகமாக இருந்தும் வெள்ளிக்கிழமைப் பயணத்தைவிடக் குறைவாகவே கிடைப்பது உண்டு. மார்ச், ஜூன், செப்டம்பர் பள்ளி விடுமுறைகளையும் நவம்பர் பாதிக்கு மேல் வருட முடிவு வரையும் தவிர்த்துவிடுங்கள். இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் லீவு கிடைக்க வேண்டும், அது ஒன்றுதான் உங்கள் சிக்கல்.

தேனிலவுக்கு ஜன்னல் இல்லாத அறை எடுத்தால் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டுவாள் என்று பயமாக இருக்கிறது.
(திருச்சி, பெயர் போட வேண்டாம் என்கிறார்)

முதலில் வீட்டம்மாவிடமே கேட்டுவிடுங்கள். பாதிப் பெண்கள் அந்தப் பணத்தில் தாய்லாந்தின் ஃபுக்கெட்டில் ஒரு படகுச் சவாரி போகலாம் என்பார்கள்.

உள்ளறை என்பது கப்பலின் உட்பக்கத்தில் ஜன்னல் இல்லாமல் இருக்கும் அறை. விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. காலை எட்டா நள்ளிரவா என்று தெரியாது. தூங்குவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. குளிக்கவும் தூங்கவும் மட்டும் அறைக்கு வருவீர்கள் என்றால் உள்ளறையே போதும். எந்த ஊரிலும் நிற்காத கடல் நாள் அதிகமுள்ள ஏழு இரவுப் பயணம் என்றால் பால்கனிக்கு அர்த்தம் உண்டு. மூன்று இரவுக்கு இல்லை.

இதிலும் மலிவு "கேரண்டி" என்று விற்கப்படும் அறை. எந்த வகை என்பதை நீங்கள் சொல்வீர்கள், எந்த எண் என்பதை நிறுவனம் கடைசியில் முடிவு செய்யும். நான்கு குடும்பமாகப் போகிறவர்கள் ஆளுக்கொரு மூலையில் சிதறிப் போவார்கள். ஒரே அறையில் இருக்கப் போகும் இரண்டு பேருக்கு அந்தக் கவலை இல்லை. ஒரே ஆபத்து, தலைக்கு மேல் நடனக் கூடமோ சமையலறையோ அமைந்துவிடுவது. தூக்கம் முக்கியம் என்றால் கொஞ்சம் கூடக் கொடுத்து, மேலேயும் கீழேயும் அறைகளே உள்ள தளத்தில் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். வாந்தி வரும் உடம்பு என்றாலும் இதே வழிதான்: கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம். ஆட்டம் குறைவு.

முக்கியமான ஒன்று. பல அறைகளில் இரண்டு ஒற்றைக் கட்டில்கள் இருக்கும். சேர்த்துப் போடச் சொல்லி புக்கிங்கிலேயே எழுதிவிடுங்கள்.

என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. புக்கிங் பக்கம் அது இல்லாமல் நகரமாட்டேன் என்கிறது.
(சேலம்)

தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இந்த வியாதி. இனிஷியலை விரித்து நீங்களாக ஒரு சர்நேம் உண்டாக்காதீர்கள். பெயரையே இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு, வேறு முறை வைத்திருப்பவர்களும் உண்டு. எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விமானம், விசா, கப்பல் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயர்தான் இருக்க வேண்டும். புதுப் பெண்ணின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்க்கும் யோசனை இருந்தால் புக்கிங்குக்கு முன்பே முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வந்த பிறகு. சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

இதோடு சேர்த்து விசா: சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவின் பினாங்கோ ஃபுக்கெட்டோ போய், சிங்கப்பூரில் இறங்கினால் அது இரண்டாவது நுழைவு. பலமுறை நுழையும் விசாதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை விசா இல்லாமல் விடுகிறது. இந்த மாதிரிச் சலுகைகள் மாறக்கூடியவை, பணம் கட்டுவதற்கு முன்பு அன்றைய நிலையைப் பாருங்கள்.

வெளிநாடு வேண்டாம். சென்னையிலிருந்தே கப்பல் ஏற முடியாதா? அந்தமான் கப்பல் ரொம்ப மலிவாமே?
(தஞ்சாவூர்)

இரண்டும் வேறு வேறு. கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் 2022 ஜூனில் சென்னையிலிருந்து முதல் பயணம் போனது. முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்தார். அடுத்த வருடம் ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போனது. கப்பல் 1990-ல் கட்டியது. பால்கனி அறைகள் குறைவு, அறைகளும் சின்னவை. ஆனால் விமானமும் வெளிநாட்டு ஓட்டலும் இல்லை என்பதால், வாசல் முதல் வாசல் கணக்கில் பெரும்பாலும் இதுதான் ஜெயிக்கும். வருடம் முழுக்கச் சென்னையில் நிற்காது, அட்டவணை பார்த்துத்தான் லீவு போட வேண்டும். ஒரு குறிப்பிட்ட ஊருக்காக மட்டும் டிக்கெட் வாங்காதீர்கள். அந்த 2022 பயணத்தில் புதுச்சேரி பட்டியலில் இருந்தது. அங்கே நிற்க அனுமதி கிடைக்கவில்லை.

அந்தமான் போகும் கப்பல் அரசாங்கப் பயணிகள் கப்பல். போர்ட் பிளேருக்கு, இப்போதைய பெயரில் ஸ்ரீ விஜயபுரத்துக்கு, ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். பங்க் வகுப்பில் பெரிய கூடத்தில் வரிசையாகப் படுக்கைகள். சாப்பாட்டுக்குத் தனிக் காசு. பொழுதுபோக்கு என்றால் கடலும் பக்கத்துப் படுக்கைக்காரரும்தான். எனக்குப் பிடிக்கும். தேனிலவுக்குச் சொல்லமாட்டேன், சொன்னாலும் கேபின் வகுப்பு எடுங்கள் என்பேன்.

கொச்சியிலிருந்து லட்சத்தீவு நிர்வாகம் நடத்தும் 'சமுத்திரம்' பேக்கேஜையும் விசாரியுங்கள். இரவில் கப்பலில் தூக்கம், பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகள். மழைக்காலத்தில் கிடையாது, நுழைவு அனுமதி வேண்டும், இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.

எப்போது போனால் கடல் அமைதியாக இருக்கும்?
(நாகர்கோவில்)

அரபிக் கடலில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம். வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு போகும் வழியான மலாக்கா நீரிணை சுமத்ராவின் மறைவில் இருப்பதால் வருடத்தில் பெரும்பகுதி குளம் மாதிரி.

ஐரோப்பாவில் ஏழு இரவு எங்கள் பட்ஜெட்டுக்கு எட்டுமா?
(பெங்களூரில் வசிக்கும் தமிழ்த் தம்பதி)

எட்டலாம். ஐரோப்பா போவதென்று எப்படியும் முடிவாகிவிட்டால், ஏழு இரவு ஓட்டல், மூன்று வேளை சாப்பாடு, ஊருக்கு ஊர் ரயில் இவற்றோடு ஒப்பிட்டால் மத்தியதரைக் கடல் கப்பல் பல நேரம் மலிவாகவே வரும். நவம்பர் முதல் மார்ச் வரை விலை இன்னும் குறையும். குளிரும் காற்றும் இருக்கும், நீச்சல் குளத்தை மறந்துவிடுங்கள். எம்எஸ்சி, கோஸ்டா கப்பல்களில் ஒரே வட்டப் பயணத்துக்கு பார்சிலோனா, மார்சேய், ஜெனோவா என்று வெவ்வேறு துறைமுகங்களில் ஏற முடியும். உங்களுக்கு விமானம் எங்கே மலிவோ அங்கே ஏறுங்கள்.

ஊர் பெயரில் ஏமாறாதீர்கள். "ரோம்" என்று போட்டிருந்தால் கப்பல் நிற்பது சிவிடவெக்கியாவில். ரோமுக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல். "வெனிஸ்" என்றால் 2021-லிருந்து பெரிய கப்பல்கள் பழைய நகரத்தை ஒட்டிப் போக முடியாது, வேறு துறைமுகத்தில் நிற்கும். கப்பல்காரர் விற்கும் சுற்றுலாவைவிட ரயில் மலிவு. ஆனால் புறப்படும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே திரும்பிவிடுங்கள். என் கதையைப் படித்தீர்கள் அல்லவா?

பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. வழியில் துருக்கி வந்தால் அது ஷெங்கனுக்கு வெளியே, அதனால் ஷெங்கன் விசா பலமுறை நுழைவதாக இருக்க வேண்டும்.

மனைவி ஐந்தாவது மாதம். போகலாமா?
(ஈரோடு)

டாக்டரிடம் கேளுங்கள். அவர் சரி என்றாலும், பெரிய நிறுவனங்கள் பல 24 வாரம் தொட்டவர்களை ஏற்றுவதில்லை. கணக்கு ஏறும் நாளுக்கு இல்லை, இறங்கும் நாளுக்கு. மருத்துவச் சான்றிதழும் கேட்பார்கள்.

கப்பலில் ஃபோன் வேலை செய்யுமா?
(வேலூர்)

ஏறியதும் ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள். நடுக்கடலில் ஃபோன் கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் போட்ட ரோமிங் பேக்கில் பெரும்பாலும் அது சேராது, பில் பயணச் செலவையே தூக்கிச் சாப்பிட்டுவிடும். வை-ஃபை ஒரு ஃபோனுக்கு மட்டும் வாங்கி இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். பதினைந்து தளமுள்ள கப்பலில் ஒருவரையொருவர் தேடி அலையாமலிருக்க, மதியச் சாப்பாட்டுக்கு எந்தத் தளத்தில் சந்திப்பது என்று காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.