வெள்ளிக்கிழமைக்குள்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

தமிழ்வழியில் படித்து, இப்போது ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சென்ற வாரம் 'ஐ வில் சப்மிட் த ரிப்போர்ட் விதின் ஃப்ரைடே' என்று மின்னஞ்சல் அனுப்பினேன். மேலாளர் அதை எல்லோர் முன்னிலையிலும் வாசித்துச் சிரித்தார். 'பை', 'விதின்', 'அன்டில்' ஆகியவற்றுக்குள் என்ன வேறுபாடு? 'சின்ஸ்', 'ஃபார்' எங்கே வரும்? 'ஆன் டைம்', 'இன் டைம்', 'நெக்ஸ்ட் ஃப்ரைடே' ஆகியவையும் குழப்புகின்றன. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுவதுதான் என் குறை என்று நினைக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். 'ஆன் டைம்' என்றால் குறித்த நேரத்தில். 'இன் டைம்' என்றால் காலம் கடந்துவிடுவதற்கு முன்பே. 'நெக்ஸ்ட் ஃப்ரைடே' என்பது வருகிற வெள்ளியா, அதற்கடுத்த வெள்ளியா என்பதில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே ஒத்துப்போவதில்லை. தேதியை எழுதிவிடுங்கள்.

என்னால் கடந்துபோக முடியாதது உங்கள் கடைசி வரி. யாரோ ஒருவர் சிரித்தார் என்பதற்காக யோசிக்கிற மொழியையே குற்றவாளியாக்கிவிட்டீர்கள். அது தன்னடக்கம் அல்ல, உங்களுக்கு நீங்களே இழைத்துக்கொள்ளும் அநியாயம்.

'விதின் ஃப்ரைடே' பிழைதான். ஆனால் அதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. 'வெள்ளிக்கிழமைக்குள்' என்கிறோம், 'இரண்டு நாளுக்குள்' என்றும் சொல்கிறோம். முன்னது கெடு, பின்னது கால அளவு. தமிழில் இரண்டுக்கும் 'உள்' ஒன்றே போதும். ஆங்கிலம் இந்த இடத்தில் பிரிகிறது: கெடுவுக்கு 'பை', கால அளவுக்கு 'விதின்'. 'பை ஃப்ரைடே', 'விதின் டூ டேஸ்' என்று சொல்லிப் பாருங்கள். 'இன் டூ டேஸ்' என்றால் பெரும்பாலும் இரண்டு நாள் கழித்து என்றே பொருள்கொள்வார்கள் என்பதால், நாளையே கொடுத்துவிடும் எண்ணம் இருந்தால் 'விதின்' என்றே எழுதுங்கள்.

'அன்டில்' வேறு வகை. அது தொடர்ந்து நடக்கும் ஒன்றின் எல்லையைச் சொல்வது, அதாவது நமது 'வரை'. வெள்ளிக்கிழமை வரை விடுப்பில் இருப்பதற்கும் வெள்ளிக்கிழமைக்குள் விடுப்பு எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் தெரியும். ஜெர்மன் மொழியிலோ இவ்விரண்டுக்கும் 'பிஸ்' என்ற ஒரே சொல்தான். அதனால் ஜெர்மானியர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது 'பை' வரவேண்டிய இடத்தில் 'அன்டில்' போட்டுவிடுவது வழக்கம். நீங்கள் இடறும் இடத்தில் அவர்கள் இடறுவதில்லை, அவர்கள் இடறும் இடத்தில் நீங்கள் இடறுவதில்லை.

'சின்ஸ்', 'ஃபார்' பற்றி நான் வெகுநாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வகுப்பில் ஒரு பையன் காய்ச்சலில் படுத்திருந்து திரும்பியபோது, கோடு போட்ட தாளில் எழுதிவந்த விடுப்புக் கடிதத்தில் 'சின்ஸ் டூ டேஸ்' என்று இருந்தது. ஆசிரியர் அதை உரக்க வாசித்து, சிவப்பு மையால் சுழித்து, அவனைப் பெஞ்சின் மேல் நிற்கவைத்தார். பிறகு கரும்பலகையில் காலப்புள்ளிக்கு 'சின்ஸ்', கால அளவுக்கு 'ஃபார்' என்று எழுதி எங்களை மனப்பாடம் செய்யச்சொன்னார். சற்று முன்புதான் அதே ஆசிரியர் அவனிடம் "எத்தனை நாளாடா காய்ச்சல்?" என்று கேட்டிருந்தார், அவனும் "ரெண்டு நாளா சார்" என்று பிழையில்லாமல் சொல்லியிருந்தான். 'ரெண்டு நாளிலிருந்து' என்று அவன் சொல்லவில்லை. 'ஞாயிற்றுக்கிழமையிலிருந்து', 'ரெண்டு நாளாக' என்று புள்ளியையும் அளவையும் பிரிக்கும் அறிவு அவன் நாக்கிலேயே இருந்தது. 'இலிருந்து' வருகிற இடத்தில் 'சின்ஸ்', 'ஆக' வருகிற இடத்தில் 'ஃபார்' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அவன் கண்கலங்கி நிற்க வேண்டியிருந்திருக்காது. தெரிந்ததைத் தெரியாததாக்கிவிட்டு, அதையே விதியாகக் கற்பிக்கும் இந்தப் போதனைமுறை மீது எனக்கு இன்றும் கோபம் தணியவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் இரண்டுக்கும் 'தெபுயி' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்; ஆங்கிலத்துக்காக அவர்கள் புதிதாகக் கற்க வேண்டிய பிரிவு நமக்குப் பால்பற்கள் விழுவதற்கு முன்பே கைவந்தது.

உண்மையில் நாம் இடறுவது வினையில். 'பத்து வருடமாக இங்கே வேலை செய்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்லிப் பழகியதால் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்று எழுதிவிடுகிறோம். 'சின்ஸ்' போய் 'ஃபார்' வந்துவிட்டால் போதும் என்று திருத்துபவர்களும் விட்டுவிடுகிறார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் தொடங்கி இன்றும் நீடிக்கிறது என்பதை ஆங்கிலம் வினையிலேயே கேட்கிறது: 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்'. உங்கள் மின்னஞ்சல்களில் 'சின்ஸ்', 'ஃபார்' வரும் வாக்கியங்களை அனுப்புமுன் இந்த 'ஹேவ் பீன்' வேண்டுமா என்று ஒருமுறை பாருங்கள். எந்தச் சொல் என்பதைத் தமிழில் சொல்லிப் பார்த்தே முடிவுசெய்யுங்கள்.