வாசகர் கேள்வி–பதில்: உடையும் கதையும்

(உடை வரலாற்றை ஆராய்பவர், சரித்திர நாவலும் எழுதுபவர். இந்த இதழில் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

சோழர் காலத் தொடர்கதைகளுக்கு வரையும் படங்களில் இளவரசிகள் ரவிக்கை போட்டிருக்கிறார்களே, நிஜத்தில் போட்டார்களா?
– வாசகி, கும்பகோணம்

இன்று நாம் போடுகிற மாதிரி தைத்த ரவிக்கை இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள். சோழர் காலத்துத் திருமாலோடு நிற்கும் தேவியரில் ஸ்ரீதேவியின் மார்பில் மெல்லிய கச்சு இருக்கும், பூதேவிக்குப் பெரும்பாலும் அதுவும் இராது. தெய்வத் திருமேனியை வைத்து மனுஷிகளைப் பற்றி முடிவு கட்டக் கூடாதுதான். ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்து, 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டெடுத்த சோழர் ஓவியங்களிலும் ஆடும் பெண்களின் மேலுடம்பில் நகைகள்தான்.

அதற்காகத் தையலே தெரியாத நாடு என்று நினைத்துவிட வேண்டாம். முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காக்கும் யவனர் ‘மெய்ப்பை’ புக்கவர்கள், அதாவது சட்டை போட்டவர்கள். புலவர் அதை அவர்களின் மிரட்டும் தோற்றத்தில் ஒன்றாகச் சொல்கிறார். என் சோழ இளவரசிக்கு நான் கச்சு தருவேன், தோளில் ஒரு மெல்லிய துகில் தருவேன். அவள் கூச்சப்படுவதாக மட்டும் எழுத மாட்டேன்.

ஆராய்ச்சி ஒரு பக்கம் இழுக்கும், கற்பனை ஒரு பக்கம் இழுக்கும். எழுதும்போது யார் ஜெயிப்பது?
– வாசகர், மதுரை

எனக்குக் கதையைத் தருவதே ஆராய்ச்சிதான். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய பூத்துணிக்கு ஐரோப்பாவில் அப்படி ஒரு மோகம். உள்ளூர் நெசவாளர்களின் பிழைப்பு போகிறது என்று பிரான்ஸ் 1686-ல் அதற்குத் தடை போட்டது. 1759 வரை தடை நீங்கவில்லை. இங்கிலாந்தும் 1721-ல் சட்டம் போட்டது. இதை வைத்துப் பாரிஸில் நடக்கும் நாவல் ஒன்று எழுதலாம். நான் சாயக்காரர் வீட்டுப் பக்கம் போனேன்.

வழிகாட்டியது கூர்தூ என்ற இயேசு சபைப் பாதிரியார் 1742-ல் பிரான்சுக்கு எழுதிய கடிதம். மதம் மாறிய சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்பார்கள். படிகார நீரால் பூவும் கொடியும் வரையும்போது கோடு ஊறிப் பரவாமல் பிடித்து நிறுத்துவது பாலின் கொழுப்பு. பிறகு சாயவேர் கொதிக்கும் கொப்பரையில் துணி இறங்கும். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு கெட்டியாகப் பிடிக்கும், மற்ற இடத்தில் ஏறியது அலசி வெயிலில் போட்டால் போய்விடும். கறுப்புக் கோட்டுக்கு இரும்பும் வெல்லமும் ஊறிப் புளித்த காடி. நீலம் வேண்டும் என்றால், வேண்டாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடிவிட்டு அவுரித் தொட்டியில் முக்க வேண்டும்.

எருமைப்பால் என்ற இடத்தில் என் நாவல் பிறந்தது. பஞ்ச வருஷத்தில் பாலுக்கு எங்கே போவது? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, வியாபாரி முன்பணம் கொடுத்துவிட்டுத் துணிக்குக் காத்திருக்கிறான். கிடைத்த பால் யாருக்கு? அந்தச் சாயக்காரர் மனைவி நான் உண்டாக்கியவள். பால் நான் உண்டாக்கியது இல்லை. பாதிரியாரின் பெயர் நின்றது, சொல்லிக்கொடுத்தவர்களின் பெயர் நிற்கவில்லை. அவர்களுக்கு ஒரு வீடும் குரலும் கொடுக்கத்தான் நான் கதைக்கு வந்தேன்.

1790-ல் நடக்கும் கதை எழுதுகிறேன். நாயகிக்குப் பளிச்சென்ற வயலட் பட்டுப்புடவை, தோளில் சேஃப்டி பின். சரிதானே?
– வாசகி, ஈரோடு

இரண்டையும் எடுத்துவிடுங்கள். சேஃப்டி பின்னுக்கு வால்டர் ஹன்ட் காப்புரிமை வாங்கியது 1849-ல். அந்தப் பளிச் வயலட்டும் 1856-க்குப் பிறகுதான். வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் கொய்னா மருந்து செய்யப் போய்க் கிடைத்த சாயம் அது. சிவப்பின் மேல் நீலம் ஏற்றி வரும் அடக்கமான ஊதா அதற்கு முன்பே உண்டு, அதைக் கொடுங்கள். முந்தானையை இடுப்பில் செருகிவிடுங்கள், அவளுக்கு இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும்.

நம் பழைய துணிகளை எங்கே பார்க்கலாம்?
– வாசகர், சேலம்

அகமதாபாத் காலிகோ அருங்காட்சியகம். லண்டன் போக வாய்த்தால் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் தொராஜா மக்கள் இந்தியத் துணிகளைப் புனிதச் சொத்தாகத் தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கிறார்கள். நம் ஊரில் ஈரமும் பூச்சியும் தின்றது போக, ஜரிகைச் சேலைகளை வெள்ளிக்காக உருக்கிவிட்டோம். உங்கள் வீட்டில் பாட்டி சேலை இருந்தால் கரையையும் முந்தானையையும் படமெடுத்து, யார் கல்யாணத்துக்கு எங்கே எடுத்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

மேலே துணி இல்லாதது அந்தக் காலத்தில் இயல்பு என்கிறீர்கள். அப்படியானால் எங்கள் பக்கத்துப் பெண்கள் தோள்சீலைக்காக ஏன் அடிபட்டார்கள்?
– வாசகி, மார்த்தாண்டம்

இயல்பு வேறு, கட்டளை வேறு அம்மா. திருவிதாங்கூரில் தோளை மூடுவது அந்தஸ்தின் அடையாளம். யார் முன்னால் யார் மூடலாம் என்று சாதி கணக்கு வைத்திருந்தது. நாடார் பெண்கள் மூடியபோது சந்தையிலும் தெருவிலும் துணியைக் கிழித்தார்கள், ஜெபக்கூடங்களையும் பள்ளிகளையும் கொளுத்தினார்கள். 1859 ஜூலையில் மகாராஜா உத்தரவு போட்டார். குப்பாயம் என்ற சட்டை போடலாம், முரட்டுத் துணி சுற்றலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் போடுகிற விதத்தில் மட்டும் போடக் கூடாது. விட்டுக்கொடுத்த உத்தரவிலும் அந்தக் கடைசி நிபந்தனையை விடவில்லை, பாருங்கள். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் அடுத்த நாவல் அதுதான். உங்கள் குடும்பத்தில் வாய்வழியாக வந்த நினைவுகள் இருந்தால், யார் சொன்னது என்ற விவரத்தோடு ஆசிரியர் குழுவுக்கு எழுதுங்கள். வந்து நேரில் கேட்டுக்கொள்கிறேன்.