பைலட்விங்ஸ்: தட்டையான தரையும் தரையிறங்குதலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பழைய வீடியோ கேம்கள் பற்றிய கட்டுரையில், நின்டெண்டோவின் 'பைலட்விங்ஸ்' என்ற பறக்கும் பயிற்சி விளையாட்டு இன்றும் புதிதாக இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அண்மையில் அதை மீண்டும் ஆடிப் பார்த்தேன். தரை விரித்துப்போட்ட வரைபடம் போல இருக்கிறது. அதில் ஒரு குன்றுகூட எழுந்து நிற்பதில்லை. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உலகத்தையே காட்டும் விமான விளையாட்டுகள் வந்துவிட்ட பிறகு இதைப் புதிது என்பது வெறும் பழைய நினைவின் மயக்கம் இல்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மயக்கம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது கால் மணி நேரத்தில் தெளிந்துவிடும். அதன் பிறகும் கையை எடுக்க மனம் வரவில்லை என்றால் காரணத்தை விளையாட்டுக்குள்தான் தேட வேண்டும்.

1990 நவம்பரில் ஜப்பானில் நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் என்ற விளையாட்டு இயந்திரம் விற்பனைக்கு வந்தது. அடுத்த மாதமே பைலட்விங்ஸ் வெளியானது. நீங்கள் குறிப்பிடும் தட்டைத் தரை அந்த இயந்திரத்தின் 'மோட் 7' என்ற வசதியின் விளைவு. ஒரே ஒரு பின்னணிப் படத்தைச் சுழற்றவும், பெருக்கவும், சுருக்கவும் அந்த வசதி இடம் தந்தது. பெருக்கும் அளவைத் திரையின் ஒவ்வொரு கிடைவரிக்கும் மாற்றிக்கொண்டே போனால், அந்தப் படம் தொடுவானம் வரை சாய்ந்து கிடக்கும் நிலமாகத் தோன்றும். இதற்கான கணக்குகளைப் போடவே விளையாட்டு பதிந்த கார்ட்ரிட்ஜுக்குள் டிஎஸ்பி-1 என்ற தனிச் சில்லு வைக்கப்பட்டிருந்தது.

இந்த வறுமைதான் விளையாட்டின் பலம் என்பது என் எண்ணம். கண்ணுக்கு வேறு பிடிமானம் இல்லாததால், ஓடுபாதையின் வடிவம் எப்படி நீள்கிறது, தரையின் கோடுகள் எவ்வளவு விரைவாகப் பெரிதாகின்றன என்பதைப் பார்த்தே உயரத்தை உணர வேண்டியிருக்கிறது. உண்மையான விமானியும் ஓடுபாதையை நெருங்கும்போது அதன் வடிவத்தைப் பார்த்துத்தான் இறங்கும் சரிவைக் கணிக்கிறார்.

சிறகின் அடியில் தொங்கியபடி மிதந்து செல்லும் ஹேங் கிளைடர் பாடத்தை நினைத்துப் பாருங்கள். எஞ்சின் கிடையாது. வெண்புள்ளிகளாக மேலெழும் வெப்பக் காற்றுக்குள் வட்டமடித்து உயரம் சேர்த்துக்கொண்டு, பிறகு அந்த உயரத்தைச் சிறிது சிறிதாகச் செலவழித்தபடி இலக்கை நோக்கி வர வேண்டும். மூக்கைத் தாழ்த்தினால் வேகம் கூடும், உயரம் கரையும். தரையைத் தொடுவதற்குச் சற்று முன் மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொல்ல வேண்டும், அவசரப்பட்டுத் தூக்கினால் சிறகு மேலே எழும்பி, வேகமிழந்து, பொத்தென்று விழும், தாமதித்தால் மோதல்தான். இரண்டிலும் தவறு எங்கே நேர்ந்தது என்பது ஆடுபவருக்கு உடனே விளங்கிவிடுவதால், எரிச்சல் வருவதற்கு முன்பே விரல் அடுத்த முயற்சியைத் தொடங்கிவிடுகிறது. வேகத்துக்கும் உயரத்துக்கும் இடையிலான இந்தக் கொடுக்கல் வாங்கல் எந்த இயந்திரத்தில் ஆடினாலும் ஒன்றுதான். அதனால் அது பழசாவதில்லை. புதிய விளையாட்டுகளின் காட்சிகளை நானும் வாய்பிளந்து பார்ப்பவன்தான், ஆனால் அவற்றில் பெரும்பாலும் வேடிக்கை பார்க்கிறேன். இதில் இறங்கப் பழகுகிறேன்.

ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். விமானம், பாராசூட், உடம்பில் கட்டிக்கொண்டு பறக்கும் ராக்கெட் பெல்ட், கிளைடர் என்று பயிற்சிப் பள்ளி போல நிதானமாகச் செல்லும் விளையாட்டில், திடீரென்று பீரங்கிகளுக்கு நடுவே ஹெலிகாப்டரை ஓட்டச் சொல்கிறார்கள். ஒரு குண்டு பட்டாலே ஆட்டம் முடிந்தது. அங்கே கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. உங்கள் விமரிசனம் அந்தப் பகுதிக்கு முழுமையாகப் பொருந்தும்.

அன்புடன்