'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்தின் முடிவில் கிழவராக வரும் கேப்டன் அமெரிக்காவை ரசிகர்கள் ஏன் இன்னும் விடாமல் அலசுகிறார்கள்?

படமே போட்ட விதியை முடிவு மீறுகிறது என்று பலருக்குப் படுகிறது, அதனால்தான். பழைய காலத்துக்குப் போய் எதை மாற்றினாலும் நம் நிகழ்காலம் மாறாது என்று ஹல்க் நடுவிலேயே சொல்லிவிடுகிறார்; அங்கே தனிக் காலக்கிளை ஒன்று பிரியும் என்பது மந்திரவாதி ஏன்ஷியன்ட் ஒன் தரும் விளக்கம். கடந்த காலத்திலிருந்து எடுத்துவந்த இன்ஃபினிட்டி கற்களைத் திருப்பி வைக்கப் போன ஸ்டீவ் (கேப்டன் அமெரிக்காவின் இயற்பெயர்), தன் பழைய காதலி பெக்கியோடு வாழ்ந்தது அப்படியொரு கிளையில் என்றால், திரும்பும்போது காலப்பயண இயந்திரத்தின் மேடையில் அல்லவா வந்து இறங்க வேண்டும்? அவரோ ஏரிக்கரை பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் நண்பன் டீக்கடை மேசையில் சிந்திய டீயை விரலால் இரண்டு கோடாக இழுத்து, "எந்தக் கோட்டுலடா இருந்தாரு?" என்று மடக்குவான். வேடிக்கை என்னவென்றால், படைத்தவர்களே ஒத்துப்போகவில்லை. இயக்குநர்கள் ரூசோ சகோதரர்கள் வேறு கிளை என்றார்கள்; எழுத்தாளர்கள் மார்கஸும் மெக்ஃபீலியும் இதே காலக்கோடுதான் என்றார்கள். அப்புறம் ரசிகன் என்ன செய்வான்?

என் பார்வையில், கணக்கு இடித்தாலும் கடைசியில் பெக்கியோடு ஆடும் அந்த நடனம் ஸ்டீவுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி. படத்தில் உயிரைக் கொடுத்த நடாஷாவுக்குத்தான் (பிளாக் விடோ) அநியாயம்: அதேபோல் உயிரைக் கொடுத்த டோனிக்கு (அயர்ன் மேன்) ஊரே கூடி இறுதிச் சடங்கு, அவருக்கு ஒன்றுமில்லை. தோரின் தொப்பையை வைத்து அடித்த ஜோக்குகளும் பலருக்குக் கசந்தன.

நம்மூரில் 2019இல் கிளம்பிய சண்டையே வேறு. தமிழ் டப்பிங்கில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல். டிரெய்லர் வந்ததுமே, பழைய குரலே போதும் என்று ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது.