மாணவிக்கு வீட்டில் ஏதோ நடக்கிறது என்று சந்தேகம். ஆதாரம் இல்லாமல் ஆசிரியர் போலீசில் சொல்லலாமா?

சொல்லியே ஆக வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம், 2012, 19ஆம் பிரிவைப் படியுங்கள். பாலியல் குற்றம் நடந்தது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. நடக்கக்கூடும் என்ற அச்சமே போதும். சொல்லாமல் மறைத்தால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

நீங்கள் தனியார் பள்ளியில் இருப்பீர்கள். "பொறுத்துப் பார்ப்போம்" என்று தலைமையாசிரியை சொல்லியிருப்பார். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

வடசென்னையில் நான் வேலை பார்த்த பள்ளி அது. குழந்தையின் அடையாளம் வெளியே தெரியக்கூடாது என்பதால் வகுப்பை எழுதவில்லை. கடைசி மணி அடித்த பிறகும் பையைத் தூக்காமல் உட்கார்ந்திருப்பாள். பாவாடை இடுப்பில் வரிசையாக ஊக்குகள் குத்தியிருந்தாள். கொக்கி அறுந்துவிட்டதா என்று கேட்டேன். "இல்லை மிஸ், ராத்திரிக்கும் இப்படித்தான் குத்திக்கொள்வேன்" என்றாள். மேற்கொண்டு நான் எதையும் துருவவில்லை. துருவுவது நம் வேலையும் அல்ல. அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதி வைத்தேன்.

தாளாளர் கூப்பிட்டு, "பள்ளியின் பெயர் என்ன ஆகும் டீச்சர்? அம்மாவை வரவழைத்துப் பேசி முடியுங்கள்" என்றார். யார்மீது எனக்குச் சந்தேகமோ அந்த ஆளின் சம்பாத்தியத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. வீட்டுக்குச் சொல்வதும் அவனுக்கே சொல்லி அனுப்புவதும் ஒன்றுதான். நான் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைத்துவிட்டு, அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போனேன். "நாளைக்கு வாருங்கள்" என்றார் அங்கிருந்த ஒருவர். புகாரைப் பதிவு செய்து, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டியது உங்கள் கடமை என்று நின்ற இடத்திலேயே சொன்னேன். பதிந்தார்கள்.

மறுநாள் குழந்தையின் பாட்டி வீட்டுக்கு வந்த பெண் எஸ்.ஐ.யை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். சீருடை இல்லை, சுடிதார். பாயில் உட்கார்ந்து, குழந்தை நிறுத்திய இடத்தில் தானும் நிறுத்தி, அவசரப்படுத்தாமல் எழுதினார். சட்டத்தின் 24ஆம் பிரிவு கேட்பதும் அதைத்தான். மருத்துவப் பரிசோதனையைப் பெண் மருத்துவர் செய்தார். பாட்டி பக்கத்திலேயே இருந்தார்.

பொய்ப் புகாரால் குடும்பங்கள் நாசமாகின்றன என்று இதற்கும் யாராவது வந்து எழுதுவார்கள். வேண்டுமென்றே பொய் சொல்பவர்களைத் தண்டிக்க 22ஆம் பிரிவு இருக்கிறது. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர்மீது வழக்குப் போட முடியாது. உண்மையா பொய்யா என்று பார்க்கத்தான் விசாரணை இருக்கிறது. பெற்றோர் எல்லோரையும் நான் சந்தேகிப்பதாகவும் நினைக்க வேண்டாம். நானும் இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள்.

அடுத்த கல்வியாண்டில் எனக்கு வகுப்பாசிரியர் பொறுப்பு தரவில்லை. மே மாதச் சம்பளமோ அங்கே யாருக்குமே கிடையாது. விடுமுறையில் விடைத்தாள் திருத்தவும் புதுச் சேர்க்கைக்குப் பிள்ளை பிடிக்கவும் மட்டும் ஆசிரியர் வேண்டும்! தனியார் பள்ளி ஆசிரியரின் வயிற்றெரிச்சலை எந்த ஆட்சி கேட்டது?

உங்கள் தலைமையாசிரியையிடம் சொன்னதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது. தகவல் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். 1098 இரவிலும் இயங்கும். இன்றே அழையுங்கள்.