எல்லாக் காலத்துக்கும் பிடித்த கேம் எது? கொழும்பிலிருந்து ஒரு நீண்ட பதில்

"எல்லாக் காலத்துக்கும் உங்களுக்குப் பிடித்த வீடியோ கேம்கள் எவை, வேலைக்குப் போன பிறகும் விளையாடுகிறீர்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது பாதியைப் பார்த்தாலே விளங்குகிறது, உங்களுக்கும் வீட்டில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். கல்யாணமும் முடித்தாச்சு, பிள்ளையும் இருக்கிறது, இன்னும் இதுதானா என்று. எனக்கும் சொல்கிறார்கள். இரவு எட்டு மணியிலிருந்து வரிசையாக சீரியல் பார்ப்பவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை, ஐந்து நாள் டெஸ்ட் மேட்சுக்கு முன்னால் இருப்பவரையும் கேட்பதில்லை, சனிக்கிழமை இரவு இரண்டு மணித்தியாலம் கேம் விளையாடினால் மட்டும் அது பொறுப்பில்லாத வேலை. அதனால்தான் இதற்குப் பதில் எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

என் பதில் ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2, ஊர் கட்டி, படை திரட்டிச் சண்டை பிடிக்கும் கொம்பியூட்டர் கேம். 1999இல் வந்தது. பின்னூட்டத்தில் வந்து கிராபிக்ஸ் பற்றிக் கதைக்கப் போகிறவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன், புதிய கேம்களும் விளையாடுகிறேன், அவற்றில் நல்லவையும் இருக்கின்றன. ஆனால் கேட்டது பிடித்தது எது என்று. பிடித்ததற்கும் புதியதற்கும் சம்பந்தம் இல்லை.

அதற்கு முதல் பிரின்ஸ் ஒஃப் பெர்சியாவைச் சொல்லாமல் போனால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன். கொட்டாஞ்சேனையில் மாமா வீட்டில் ஒரு 486 கொம்பியூட்டர் இருந்தது, பள்ளிக்கூட லீவு முழுக்க அங்கேதான். 1989இல் வந்த அந்த கேமைச் செய்த ஜோர்டன் மெக்னர், தன் தம்பியை ஓடவிட்டு, குதிக்கவிட்டு வீடியோ எடுத்து, அதை ஒவ்வொரு அசைவாகப் பார்த்து இளவரசனை வரைந்தார். அதனால்தான் அவன் ஓடி வந்து நிற்கும்போது கொஞ்சம் சறுக்கி நிற்கிறான், விளிம்பைப் பிடித்துத் தொங்கும்போது உடம்பின் பாரம் தெரிகிறது. ஒரு மணித்தியாலத்துக்குள் இளவரசியை மீட்கவேண்டும். நாலாவது லெவலில் ஒரு கண்ணாடி வரும், அதற்குள் ஓடிப்போய்ப் பாய்ந்தால் உங்கள் நிழல் உங்களிலிருந்து பிரிந்து மறுபக்கம் ஓடிவிடும். கடைசி லெவலில் அதே நிழல் வாளோடு எதிரே வந்து நிற்கும். அதை ஒரு வெட்டு வெட்டினால் உங்களுக்கும் ஒரு உயிர் குறையும், அதைக் கொன்றால் நீங்களும் செத்தீர்கள். வாளை உள்ளே வைத்துவிட்டு அதை நோக்கிச் சும்மா நடந்து போகவேண்டும், இரண்டும் ஒன்றாகிவிடும். இணையம் இல்லாத காலம், சொல்லித்தர ஆள் இல்லை. மச்சான் ஒருநாள் பின்னேரம் சண்டை பிடித்துக் களைத்துப்போய்க் கீழ் அம்புக்குறியை அழுத்தினான், இளவரசன் வாளை வைத்தான், நிழலும் வைத்தது. நாங்கள் இரண்டு பேரும் போட்ட சத்தத்தில் மாமி குசினியிலிருந்து ஓடி வந்துவிட்டார். கேம் என்றால் சுட்டுத் தள்ளுவதுதான் என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன், வாளை வைப்பதுதான் வெற்றி என்று 1989இலேயே ஒருவர் கேம் செய்து வைத்திருக்கிறார்.

சரி, ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ். பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை சும்மா இருந்த காலத்தில் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், கேம் சென்டர் ஒன்று இருந்தது. நாலைந்து கொம்பியூட்டர், ஒரு மின்விசிறி, மணித்தியாலக் கணக்கில் காசு. பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் கத்தக்கூடாது, கத்தினால் கடை அண்ணா ஏசுவார். அதனால் கேமுக்குள்ளேயே இருக்கும் எண் குரல்களைத்தான் பாவித்தோம், ஒரு எண்ணை அடித்தால் அதற்குரிய குரல் மற்றவர்களுக்குக் கேட்கும். 3 என்று அடித்தால் உணவு தா, 4 என்றால் மரம், 5 என்றால் பொன், 11 என்றால் ஒரு பெரிய சிரிப்பு, 14 என்றால் சீக்கிரம் கேமைத் தொடங்கு. அந்தப் பெடியன்களில் பாதிப்பேர் இப்போது கனடாவிலும் லண்டனிலும். ஆனால் இன்றைக்கும் சனிக்கிழமை இரவு ஒருவன் பிந்தினால் வாட்ஸ்அப் குழுவில் 14 என்று மட்டும் விழும், வேறு ஒரு வார்த்தையும் தேவையில்லை.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். தொடங்கும்போது உங்களிடம் இருப்பது ஒரு நகர மையம், மூன்று கிராமத்தவர், வேவு பார்க்க ஒரு குதிரைக்காரன். ஒரு கிராமத்தவனை உருவாக்க 50 உணவும் 25 செக்கனும் போகும். அந்த நகர மையம் ஆரம்பத்தில் ஒரு நிமிடம் சும்மா இருந்துவிட்டால் உங்களுக்கு அப்போது ஒன்றும் தெரியாது, அரை மணித்தியாலம் கழித்து எதிரி உங்கள் வாசலில் நிற்கும்போதுதான் தெரியும். காட்டுப்பன்றி இருக்கிறதே, அதில் 340 உணவு இருக்கிறது, ஆனால் அது தூரத்தில் நிற்கும். ஒரே ஒரு ஆளை அனுப்பி அம்பெய்து அதைக் கோபப்படுத்தி, அது துரத்த அவன் ஓட, நகர மையத்தடிக்குக் கொண்டுவந்து சேர்க்கவேண்டும், அங்கே ஆடு வெட்டிக்கொண்டிருக்கும் மற்றவர்கள் எல்லாரும் திரும்பி ஒன்றாக அடிக்கவேண்டும். ஒரு செக்கன் பிந்தினால் ஆள் போய்விடுவான். இத்தனை வருடம் செய்தும் அந்தப் பன்றி திரும்பிப் பாயும் நேரத்தில் எனக்கு இன்னும் கை விறைக்கிறது. சண்டையை விட எனக்குப் பிடித்தது இந்த முதல் பத்து நிமிடம்தான்.

பழைய கேம், செத்த கேம் என்று சொல்பவர்களுக்கு இன்னொரு விஷயம். இதைச் செய்த என்செம்பிள் ஸ்டூடியோஸ் 2009இல் மூடப்பட்டது. அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் விளையாடிக்கொண்டிருந்த ரசிகர்களே சேர்ந்து தாங்களாகப் புதிய நாகரிகங்களை, அதாவது நாம் எடுத்து விளையாடும் இனங்களை, செய்து சேர்த்தார்கள், அது 2013இல் அதிகாரபூர்வமான தொகுப்பாகவே வெளிவந்தது, பிறகு 2019இல் டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற புதுப்பித்த பதிப்பு வந்தபோதும் அதில் அவர்கள் கை இருந்தது. முதலில் 13 நாகரிகம் இருந்த கேமில் இப்போது எண்ணி முடிக்க நேரம் எடுக்கும். 2022இல் ஜெர்மனியில் ஹைடல்பெர்க் கோட்டைக்குள்ளேயே இதற்குப் போட்டி வைத்தார்கள், உண்மையான கோட்டைக்குள். செத்த கேமுக்கு யார் கோட்டை பிடித்துக் கொடுப்பார்கள்?

இனி என் சொந்தக் கதை. 2022 ஏப்ரல் கடைசியில் 'டைனஸ்டீஸ் ஒஃப் இந்தியா' என்று கேமோடு சேர்க்கும் ஒரு மேலதிகத் தொகுப்பு வந்தது. அதுவரை 'இந்தியர்கள்' என்று ஒரே கூட்டமாக இருந்ததைப் பிரித்து, திராவிடர், வங்காளியர், கூர்ஜரர் என்று தனித்தனியாகக் கொண்டுவந்தார்கள். திராவிடர் தமிழ் கதைக்கிறார்கள், அத்தோடு ராஜேந்திர சோழனுக்கு ஒரு தனிக் கதைப்பகுதியும் இருக்கிறது என்று டொரொண்டோவிலிருந்து நண்பன் ஒருவன் செய்தி அனுப்பினான். நான் அதைப் படித்தது மெழுகுதிரி வெளிச்சத்தில். இலங்கையில் இருந்தவர்களுக்கு அந்த மாதங்களைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை, 200 ரூபாயில் நின்ற டாலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டியது, பெட்ரோலுக்கும் கேஸுக்கும் வரிசை, காலிமுகத்திடலில் அரசுக்கு எதிராகச் சனம் கூடாரம் போட்டிருந்தது. கார்டில் டாலர் கட்டவும் வங்கி விடவில்லை. உலகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த கேம் தமிழ் கதைக்கிறது, எனக்குக் கேட்க வழியில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போகமாட்டேன், கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைப்பவர்கள் அடுத்த பந்திக்குப் போங்கள். எங்கள் அடுக்குமாடியில் ஒரு ஜெனரேட்டர் இருக்கிறது. அதற்கென்று மாதாமாதம் பராமரிப்புக் காசோடு சேர்த்து வாங்குகிறார்கள், ஒரு நாள் பிந்தினால் லிஃப்டுக்குள் பெயர்ப்பட்டியல் ஒட்டுகிறார்கள். அந்த மாதங்களில் டீசல் இல்லை என்று லிஃப்டை நிறுத்திவிட்டார்கள், சரி, நாடு முழுக்க டீசல் இல்லை, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நிர்வாகக் குழுவில் இருப்பவர்களின் மாடியில் மட்டும் இரவில் லைட் எரிந்தது எப்படி? முழங்கால் வருத்தத்தோடு என் அம்மா மருந்து எடுக்கப் போய் ஏழு மாடி படியேறி வந்தார், ஒவ்வொரு தட்டிலும் படியிலேயே இருந்து இருந்து. கணக்கைக் காட்டுங்கள் என்று எழுத்தில் கேட்டேன். கூட்டத்தில் வைத்துப் பார்ப்போம் என்றார்கள், அந்தக் கூட்டம் இன்னும் கூடவில்லை. காசு வாங்குபவர்கள் கணக்குக் காட்டவேண்டும், அதற்குப் பெரிய சட்டம் படித்திருக்கத் தேவையில்லை.

அந்த வருடக் கடைசியில்தான் தொகுப்பை வாங்க முடிந்தது. முதல் முறை திராவிடரை எடுத்து, ஒரு கிராமத்தவனைத் தொட்டேன். தமிழில் பதில் சொன்னான். மரம் வெட்ட அனுப்பினேன், தமிழ். வீடு கட்டச் சொன்னேன், தமிழ். நான் கேமை நகர்த்தாமல் ஒவ்வொரு ஆளாகத் தொட்டுத் தொட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன். பதினைந்து வயதிலிருந்து ஆங்கிலேயரும் வைக்கிங்கும் ஜப்பானியரும் தங்கள் தங்கள் மொழியில் பதில் சொல்லக் கேட்டு வளர்ந்தவனுக்கு அது என்ன என்று சொல்லி விளங்கப்படுத்த முடியாது. ஹோலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அப்பா சத்தம் கேட்டு வந்து பின்னால் நின்றார். கேம் என்றாலே முகத்தைத் திருப்புகிற மனிதர். கப்பல்களைப் பார்த்து "இது எந்தக் கடல்?" என்றார். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். ராஜேந்திரன் ஸ்ரீவிஜயத்துக்குக் கடல்வழியாகப் படை அனுப்பியது 1025இல் என்று வருடத்தோடு அவர்தான் எனக்குச் சொன்னார். இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா இரண்டு தரம் கூப்பிட்டும் இரண்டு பேரும் எழும்பவில்லை.

இதில் அரசியல் தேடி வருபவர்கள் தயவுசெய்து வேண்டாம். சோழர் இந்தத் தீவுக்கும் படையோடுதான் வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும், அதைக் கொண்டாட நான் எழுதவில்லை. என்னோடு சனிக்கிழமைகளில் திராவிடரை எடுத்து விளையாடுபவன் பலாங்கொடையில் பிறந்த சிங்கள நண்பன். திராவிடருக்குக் கோட்டை உடைக்கும் முற்றுகைக் கருவிகளுக்கு 33 வீதம் மரம் குறைவு, கேமில் ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 மரம் கிடைக்கும், அவனுக்கு அது போதும். அந்த ஆட்கள் சொல்லும் தமிழ் வசனங்களை அப்படியே சொல்லிக்காட்டி என் பிள்ளையைச் சிரிக்க வைப்பான். திராவிடருக்கு வூட்ஸ் உருக்கு என்று, பழைய காலத்து உயர்தர உருக்கின் பெயரில், ஒரு தொழில்நுட்பம் உண்டு, அதை எடுத்தால் உங்கள் வாள்வீரரின் அடியை எதிரியின் கவசம் தடுக்காது. அந்த மாதிரி உருக்குக்கு இலங்கையும் பெயர் போனது, சமனலவெவப் பக்கம் பருவக்காற்றிலேயே எரிந்த பழைய இரும்பு உலைகளை அகழ்ந்து கண்டுபிடித்து 1996இல் நேச்சர் அறிவியல் இதழில் கட்டுரையே வந்தது என்று எனக்குச் சொன்னவனும் அவன்தான், தன் ஊர்ப் பக்கம் என்ற பெருமையோடு. குதிரை வீரர் பக்கம் திராவிடர் பலவீனம், நைட் என்ற கவசக் குதிரைப் படையே கிடையாது, அதையும் சொல்லிவிடவேண்டும், நம்மவர்கள் என்பதற்காகக் குறையை மறைக்கக்கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிரிக்கெட் 07, அதற்குப் பிறகு அதைச் செய்த ஈ.ஏ. கொம்பனி கிரிக்கெட் கேமே செய்யவில்லை, ஆனாலும் சனம் வீரர் பட்டியலை மாற்றி மாற்றி இன்னும் விளையாடுகிறது, நானும்தான். ரெட் அலர்ட் 2, அதுவும் படை கட்டிச் சண்டை பிடிக்கும் கேம்தான். பிறகு 2023இல் வந்த வெண்பா. கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் பழைய சமையல் குறிப்பு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கும், நாம்தான் யோசித்துச் சமைக்கவேண்டும், இட்லித் தட்டை எப்படி அடுக்குவது, புட்டுக் குழலில் எது முதல் எது பிறகு என்று. பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. இரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடும், சின்ன கேம், அதற்கு ஏன் இவ்வளவு காசு என்று கேட்கிறார்கள். மகன் வளர வளரத் தமிழ் விலகிப்போவதை அது காட்டும் விதத்தைப் பார்த்துவிட்டு, வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிற என் அக்காவுக்கு நான் உடனே போன் எடுத்தேன். காசைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

நீங்கள் ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 இதுவரை தொடவில்லை என்றால் டெஃபினிட்டிவ் எடிஷனை வாங்குங்கள், அடிக்கடி விலை குறைப்பார்கள், பொறுத்திருந்து வாங்கலாம். ராஜேந்திரன் இருக்கும் தொகுப்புக்குத் தனியாகக் காசு கட்டவேண்டும், அதை அவசரப்பட்டு எடுக்கத் தேவையில்லை. முதலில் வில்லியம் வாலஸ் பயிற்சிப் பகுதியை முழுதாக முடியுங்கள், பிறகு கொம்பியூட்டரோடு கொஞ்ச நாள். இணையத்தில் மற்றவர்களோடு மோதுவது அதற்குப் பிறகுதான், எடுத்தவுடனே போனால் இருபது நிமிடத்தில் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள், வெறுத்துவிடும். ஆள் தேவை என்றால் கீழே எழுதுங்கள், இலங்கை நேரம் சனிக்கிழமை இரவு ஒன்பதரை. எங்கள் குழுவில் இப்போது ஒரு இடம் காலியாக இருக்கிறது.