பதில்: அம்மாவுக்குத் தைராய்டு, பக்கவாதம் வருமோன்னு பயமா இருக்கு

தைராய்டு மாத்திரை போட்டும் அம்மாவுக்கு டிஎஸ்எச் (தைராய்டு குறைஞ்சா ரத்தத்துல ஏறுற அளவு) 14-லயே நிக்குது, கொலஸ்ட்ராலும் ஏறிடுச்சு, பக்கவாதம் வந்துடுமான்னு கேட்டிருக்கீங்க.

ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்ததுதான். தைராய்டு குறைஞ்சா கல்லீரல் கெட்ட கொலஸ்ட்ராலை ரத்தத்திலிருந்து சரியா இழுக்காது. ரத்தக் குழாயும் இறுகும், கீழ் பிரஷர் ஏறும். பக்கவாத ஆபத்து பெரும்பாலும் இந்த வழியாத்தான் வருது.

முதல்ல, மாத்திரையை எப்படிப் போடறாங்கன்னு பாருங்க. எங்க மாமியார் காலைல மாத்திரை, கால்சியம் ரெண்டையும் வாயில போட்டு கோப்பி ஓ-வால (பால் இல்லாத காப்பி) விழுங்குவாங்க! மருந்து எப்படி உடம்புல சேரும்? லெவோதைராக்சினை, அதாவது தைராய்டு மாத்திரையை, வெறும் வயித்துல, வெறும் தண்ணியோட போடணும். கோப்பி, பசியாறல் எல்லாம் 30 முதல் 60 நிமிஷம் கழிச்சு. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைன்னா 4 மணி நேரம் தள்ளி. பலதுறை மருந்தகத்துல இதைச் சொல்லி, 6 முதல் 8 வாரத்துல மறுபடி ரத்தம் கொடுக்கட்டும்.

நீங்களா டோஸைக் கூட்டிடாதீங்க. அளவு மிஞ்சினா இதயத்துடிப்பு தாறுமாறாகி, அதனாலயே ரத்தம் கட்டி பக்கவாதம் வரலாம்.

திடீர்னு வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே 995-க்கு (சிங்கப்பூர் ஆம்புலன்ஸ்) கூப்பிடுங்க.